கண்ணில் வந்தது எது என்று எங்களுக்குச் சொல்லுங்கள்: நீலகிரி மாவட்ட சுகாதார அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும், மாவட்ட நோய்க் கண்காணிப்புப் பிரிவில் பணிபுரியும் அனைவருக்கும் வணக்கம்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஆசிரியையாக இருக்கிறேன். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் பிள்ளைகள் எந்த நாளில் வந்தார்கள், எந்த நாளில் வரவில்லை என்று நாள் தவறாமல் எழுதி வைப்பது என் வேலை. அந்த வருகைப் பதிவேடுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது.

எங்கள் பள்ளியில் கண்நோய் இரண்டு முறை பரவியது. இரண்டு முறையும் அதற்கு ஊரார் சொன்ன பெயர் ஒன்றுதான்: மெட்ராஸ் ஐ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னதும் அதே பெயர்தான். ஆனால் வந்தது ஒரே நோய் என்று என்னால் நம்ப முடியவில்லை.

முதல் முறை வந்தது போன ஆண்டு ஆடி மாதத்தில், விடாத மழையின் நடுவில். ஒரு திங்கட்கிழமை காலை, நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். இடது கண் இமைகள் பீளையில் ஒட்டிப் போயிருந்தன. அவன் அம்மா வெந்நீரில் முந்தானை நுனியை நனைத்துத் துடைத்துத் துடைத்துத்தான் கண்ணைத் திறக்க வைத்திருந்தார். வெள்ளை விழியின் ஓரத்தில் மிளகு அளவுக்கு இரத்தம் கட்டியிருந்தது. மதியத்துக்குள் அது பரவி, பாதி விழி வெற்றிலைச் சாறு பட்டது போலச் சிவந்துவிட்டது. மறுநாள் காலை அவன் தங்கைக்கு வந்தது. அதே பெஞ்சில் உட்காரும் இருவருக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பள்ளியில் பாதிப் பேர் வீட்டில் இருந்தார்கள். பார்க்கவே பயமாக இருந்த அந்தக் கண்கள் அடுத்த வாரமே தெளிந்துவிட்டன. எல்லோரும் திரும்பி வந்தார்கள். "ஒரு வாரத்தில் சரியாகிவிடும் டீச்சர்" என்று சுகாதார நிலையத்தில் சொன்னது அப்படியே பலித்தது.

இரண்டாம் முறை இந்த ஆண்டு தை மாதத்தில். பொங்கல் விடுமுறைக்கு வெளியூர் போய் வந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு முதலில் வந்தது. இரத்தக் கட்டு இல்லை. கண் கூசுகிறது, மணல் விழுந்தது போல உறுத்துகிறது என்றாள். காதுக்கு முன்னால் கன்னத்தில் நெறி கட்டியிருந்தது. போன முறை மறுநாளே பரவியதை நினைத்துக்கொண்டு அவள் தம்பியைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஆயிற்று, மூன்று நாள் ஆயிற்று, ஒன்றும் இல்லை. தப்பித்தான் என்று நினைத்தோம். ஒன்பதாம் நாள் அவனுக்கு வந்தது. அதற்குள், கண் சிவப்பு குறைந்துவிட்டதே என்று நாங்கள் அவளைப் பள்ளிக்குத் திரும்ப வரச் சொல்லிவிட்டோம். அவள் வந்து உட்கார்ந்த வரிசையில் அடுத்த பத்து நாட்களில் நான்கு பேருக்கு வந்தது. அந்தப் பரவல் மெதுவாக, மாசி முடியும் வரை இழுத்துக்கொண்டே போயிற்று.

அந்த மாணவியின் அம்மா கொழுந்து பறிப்பவர். அவருக்கும் வந்தது. வலியும் சிவப்பும் போன பிறகும் பார்வையில் மங்கல் போகவில்லை. பங்குனியில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர், "விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது டீச்சர், வெயிலில் நின்றால் இரண்டு இலையும் அரும்பும் தனித்தனியாகத் தெரிய மாட்டேன் என்கிறது" என்றார். கண்ணும் விரலும் சேர்ந்து செய்யும் வேலை அது. முற்றிய இலை கூடையில் விழுந்தால் எடை போடும் இடத்தில் கழித்துவிடுவார்கள்.

பதிவேட்டின் அந்த இரண்டு மாதப் பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரே வாரத்துக்குள் கோடுகள் நெருக்கமாக விழுந்து, உடனே நின்றுவிடுகின்றன. மற்றொன்றில் பத்து நாள், பன்னிரண்டு நாள் இடைவெளியில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொடர்கின்றன. ஒரு வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் இடையே ஒரு நாள். இன்னொரு வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் இடையே ஒன்பது நாள். பெயர் ஒன்றாக இருந்தாலும் நடை வேறு.

மெட்ராஸ் ஐ என்பது ஒரு கிருமியின் பெயர் இல்லை என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918 வாக்கில் இந்தக் கண்நோய் பதிவானதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயர்தான் அது. அந்த ஒரு பெயருக்கு அடியில் குறைந்தது மூன்று வைரஸ்கள் ஒளிந்துகொண்டிருக்கின்றன.

1969இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், கண்ணில் இரத்தம் கட்டும் ஒரு புதிய கண்நோய் மின்னல் வேகத்தில் பரவியது. மனிதன் நிலவில் இறங்கிய நேரம் என்பதால் அங்குள்ளவர்கள் அதற்கு அப்போலோ நோய் என்று பெயர் வைத்தார்கள். அதற்குக் காரணம் அதுவரை யாரும் அறியாத ஒரு வைரஸ் என்று ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பிறகே தெரிந்தது. அதற்கு என்டெரோவைரஸ் 70 என்று பெயரிட்டார்கள். 1970இல் சிங்கப்பூரிலும் அதே மாதிரியான நோய் வந்தது. பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஆனால் சிங்கப்பூரில் பிரித்தெடுத்தது காக்சாக்கிவைரஸ் ஏ24 என்ற வேறொரு வைரஸின் புது வடிவம். 1971இல் வங்கதேச விடுதலைப் போர்க்கால அகதிகளோடு வங்காளத்தில் கண்நோய் பரவியபோது கல்கத்தா மக்கள் அந்தப் போரின் முழக்கத்தையே பெயராக்கி அதை 'ஜோய் பாங்லா' என்று அழைத்தார்கள். 2023இல் நம் நாட்டில் பல மாநிலங்களில் கண் சிவந்தபோதும், பாகிஸ்தானில் பரவியபோதும், ஆய்வகங்கள் கண்டறிந்தவற்றில் அந்தக் காக்சாக்கிவைரஸ் ஏ24 மறுபடியும் இருந்தது.

மூன்றாவது, அடினோவைரஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கப்பல் கட்டும் தளங்களில் தொழிலாளர்களிடையே பரவியதால் அங்கே இதைக் கப்பல்தளக் கண்நோய் என்றார்கள். அடிபட்ட கண்ணுக்கு மருந்து போட வந்த இடத்திலேயே, ஒருவர் கண்ணைத் தொட்ட கையும் கருவியும் அடுத்தவர் கண்ணைத் தொட்டதால் பரவியது. அதற்குக் காரணமான அடினோவைரஸ் 8 என்ற வகையை 1955இல்தான் கண்டுபிடித்தார்கள். அடினோவைரஸில் இதைப் போலக் கண்ணைத் தாக்கும் வகைகள் பல.

இந்த வைரஸ்களின் வேகத்தைப் படித்தபோதுதான் என் பதிவேடு எனக்குப் புரிந்தது. என்டெரோவைரஸ் 70, காக்சாக்கிவைரஸ் ஏ24 இரண்டும் ஒருவரிடமிருந்து தொற்றிய ஓரிரு நாளிலேயே அடுத்தவர் கண்ணைச் சிவக்க வைக்கும். பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். அடினோவைரஸ் 5 நாள் முதல் 12 நாள் வரை பதுங்கியிருந்து வெளிப்படும். நோயாளியிடமிருந்து இரண்டு வாரம் வரை பரவும். கருவிழியில் சின்னச் சின்ன வெண்புள்ளிகளை விட்டுச் செல்லக்கூடும், அவை மாதக்கணக்கில் பார்வையை மங்கலாக்கும். எங்கள் ஆடி மாதத்துக் கண்நோய் முதல் வகையாகவும், தை மாதத்துக் கண்நோய் அடினோவைரஸாகவும் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே. அடினோவைரஸிலும் சில நேரம் கண்ணில் இரத்தம் கசியும் என்கிறார்கள். ஆகவே கண்ணைப் பார்த்து மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. எவ்வளவு அனுபவம் உள்ள மருத்துவராலும் முடியாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். இரண்டு முறையும் எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணிலிருந்தும் மாதிரி எடுக்கவில்லை.

"எந்த வைரஸாக இருந்தால் என்ன, எதற்கும் மருந்து கிடையாதே, தானாகத்தானே சரியாகிறது" என்று ஓர் அலுவலர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த மடல்.

முதலில் விடுப்பு. ஒரு பிள்ளையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருக்க வேண்டும்? ஒரு வாரமா, இரண்டு வாரமா? போன ஆண்டுக் கணக்கை நம்பித்தான் இந்த ஆண்டு அந்த மாணவியைச் சீக்கிரம் கூப்பிட்டேன். அவள் வரிசையில் உட்கார்ந்த நான்கு பேரின் கண்ணுக்கு அதனால் நான் பொறுப்பு. லைன் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. தற்காலிகத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி இல்லை. ஐந்து நாளில் முடியும் நோய்க்குப் பதினான்கு நாள் வீட்டில் இரு என்று சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பதினான்கு நாள் பரவும் நோய்க்கு ஐந்தாம் நாளே போகலாம் என்றால், அவர் தலைத்துண்டால் கண்ணைத் துடைத்துவிட்டு அதே கையால் அடுத்தவரின் கூடையைத் தூக்கிவிடுவார். எது என்று தெரிந்தால்தான் நியாயமான நாட்களைச் சொல்ல முடியும். தோட்ட நிர்வாகத்திடம் அந்த நாட்களுக்குக் கூலியோடு விடுப்பு கேட்கவும் முடியும்.

அடுத்தது சொட்டு மருந்து. தை மாதத்தில் எங்கள் ஊரில் பாதிப் பேர் மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு மருந்து" என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அதில் பல, கிருமிக்கொல்லியும் (ஆன்டிபயாட்டிக்) ஸ்டீராய்டும் கலந்தவை. கிருமிக்கொல்லி வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு போட்டால் சிவப்பு உடனே குறையும், அதனால் நல்ல மருந்து என்று பெயர் வாங்கிவிடும். ஆனால் அடினோவைரஸ் இருக்கும் கண்ணில் அது வைரஸ் தங்கும் நாட்களை நீட்டிவிடும். அக்கியை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் கண்ணில் இருந்தால் ஸ்டீராய்டு கருவிழியையே அரித்துவிடும், பார்வையே போகலாம். கொழுந்து பறிக்கும் அந்தத் தாய் மூன்று வாரம் அப்படி ஒரு சொட்டு மருந்தைப் போட்டார். போடும்போது தெளிந்தது, நிறுத்தினால் மங்கியது. கடைசியில் நகரத்துக் கண் மருத்துவர் ஒருவர் பார்த்து, மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வைத்தார். இந்தப் பரவலில் ஓடுவது அடினோவைரஸ் என்று முதல் வாரமே ஓர் அறிவிப்பு வந்திருந்தால், மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டுச் சொட்டு கொடுக்கக் கூடாது என்று கடைகளுக்கு ஒரு வரி போயிருந்தால், அவர் அந்த மூன்று வாரத்தைத் தவிர்த்திருப்பார்.

இன்னொன்று, அரிதுதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்டெரோவைரஸ் 70 போலியோ வைரஸின் உறவுக்காரன். 1971 பரவலிலும் பின்னர் 1981 பரவலிலும், கண்நோய் வந்து போன சில வாரங்களில் சிலருக்குக் கால்கள் தளர்ந்து செயலிழந்ததைப் பம்பாய் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இப்போது அந்த வைரஸ் அதிகம் தென்படுவதில்லை. ஆனால் எது ஓடுகிறது என்றே பார்க்காத இடத்தில், அது திரும்பி வந்தால் யாருக்குத் தெரியும்? கண்நோய் வந்து ஒரு மாதம் கழித்துக் கால் தளர்ந்து போனவரிடம், போன மாதம் கண் சிவந்ததா என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. எல்லோருக்கும் பரிசோதனை வேண்டாம். ஒரு பள்ளியிலோ ஒரு லைனிலோ கண்நோய் கூட்டமாகத் தொடங்கினால், கண் சிவந்து மூன்று நான்கு நாட்களுக்குள் இருக்கும் ஐந்து முதல் பத்துப் பேரிடம் மாதிரி எடுத்தால் போதும். கீழ் இமையைத் தாழ்த்தி, உள்பக்கத்தில் பாலியஸ்டர் நுனி வைத்த குச்சியால் ஒரு முறை துடைத்து, வைரஸ் மாதிரிக்கான திரவக் குப்பியில் போட்டு மூடுவது. கோவிட் காலத்தில் எங்கள் செவிலியர்கள் லைன் லைனாக ஏறி இறங்கி மூக்கிலிருந்து மாதிரி எடுத்தவர்கள். இது அவர்களுக்குப் புதிய வேலை இல்லை. மாதிரியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்து ஓரிரு நாளில் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். தடுப்பூசி கொண்டு போகும் ஐஸ் பெட்டிகளைப் போன்ற ஒன்றை, இந்த மாதிரிகளுக்கென்றே தனியாக ஒதுக்கினால் போதும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை போய், இரவு ரயிலில் சென்னை போனாலும் மறுநாள் காலை கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து ஆய்வு நிறுவனத்தில் (கிங் இன்ஸ்டிடியூட்) இருக்கும். 1899இல் தொடங்கிய அந்த நிறுவனம் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) ஏற்படுத்திய வைரஸ் ஆய்வகங்கள் இருக்கின்றன. உதகையிலேயே இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பி.சி.ஆர். பரிசோதனையில் இது அடினோவா, மற்ற இரண்டும் சேர்ந்த என்டெரோ வகையா என்பது ஒரு நாளில் தெரியும். அதற்கு மேல் மரபுவரிசையைப் படித்தால் எந்த எண் என்பது வரை தெரியும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து கண்நோயாளிகளின் மாதிரிகளை அப்படி மரபுவரிசையில் படித்திருக்கிறது. நம் மாநிலத்துக்கு இந்த வித்தை தெரியும். மலை ஏறி வருவதுதான் பாக்கி.

மலைக்கு அது புதிதுகூட இல்லை. நாய்க்கடி நோயால் 1902இல் ஓர் இளம்பெண் இறந்த துயரத்துக்குப் பிறகு, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. என் தாத்தா காலத்தில் நாய் கடித்தவர்கள் தென்னாட்டின் பல ஊர்களிலிருந்தும் ரயிலேறி அங்கேதான் வந்தார்கள். 1957 மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த கப்பலோடு ஆசிய இன்ஃபுளுயன்சா இந்தியாவுக்குள் நுழைந்தபோது, அந்த வைரஸைப் பிரித்தெடுத்து இன்னது என்று சொன்னது குன்னூரில் இயங்கிய இன்ஃபுளுயன்சா மையம்தான். கடற்கரையில் இறங்கிய நோய்க்கு மலையிலிருந்து பெயர் சொன்னார்கள். அந்தக் கட்டடங்களை எங்கள் பள்ளிப் பேருந்து தாண்டிப் போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். இந்தத் தை மாதத்தில் காட்டியபோது ஒரு பையன், "நம்ம கண்ணையும் அங்கே பார்ப்பாங்களா டீச்சர்" என்று கேட்டான். அவனுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வைரஸ் எது என்று தெரியும் வரை நாங்கள் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அவற்றிலும் உங்கள் உதவி வேண்டும். கோவிட் காலத்தில் வந்த கிருமிநாசினிப் பாட்டில்கள் எங்கள் பள்ளி அலமாரியில் ஒரு பெட்டி நிறைய மீதம் இருந்தன. தை மாதம் முழுவதும் அவற்றைப் பிள்ளைகளின் கையில் ஊற்றினோம். இந்த மூன்று வைரஸ்களுக்கும் கொரோனாவைப் போலக் கொழுப்பு உறை கிடையாது, ஆல்கஹால் அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது, சோப்புப் போட்டுக் கழுவி ஓட விடுவதுதான் நல்லது என்பது எங்களுக்கு யாரும் சொல்லாத செய்தி. சொல்லியிருந்தாலும் இன்னொரு தடை இருந்தது. தை மாதத்தில் எங்கள் பள்ளி மைதானத்துப் புல் காலையில் உறைபனியில் வெள்ளையாக இருக்கும். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துவிடும். அந்தத் தண்ணீரில் இருபது நொடி கை கழுவு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைப் பள்ளிகளுக்குக் குளிர் மாதங்களில் கை கழுவ வெந்நீர் தர ஏற்பாடு செய்யுமாறு கல்வித் துறைக்கு உங்கள் கையெழுத்தில் ஒரு பரிந்துரை போனால் அதற்குத் தனி எடை இருக்கும். மேசையையும் கதவுக் கைப்பிடியையும் எத்தனை பங்கு தண்ணீரில் எவ்வளவு பிளீச்சிங் பவுடர் கலந்து துடைக்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதித் தாருங்கள்.

அந்தத் தாளை வீடுகளுக்கும் அனுப்புங்கள். எங்கள் பக்கத்தில் கண் சிவந்தால் பாட்டிமார் நந்தியாவட்டைப் பூவைக் குளிர்ந்த நீரில் போட்டுக் கண்ணில் ஒற்றுவார்கள். அன்பான கைகள் அவை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே கிண்ணத்து நீரை மூன்று பேரப்பிள்ளைகளுக்கும் ஒற்றுகிறார்கள் என்பதுதான் கவலை. பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து கறுப்புக் கண்ணாடி வாங்கும் வீட்டில், துண்டும் தலையணையும் பொதுவில் கிடக்கின்றன. இவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு வேலை செய்கிறார்கள்; அவர்கள் பிள்ளைகளும் என் வகுப்பில் இருக்கிறார்கள். இந்தியிலும் ஒரு தாள் வேண்டும்.

ஆய்வக முடிவு வந்ததும் அதை அலுவலகக் கோப்போடு நிறுத்திவிடாதீர்கள் என்பது என் கடைசி வேண்டுகோள். இந்த வாரம் இந்த வட்டத்தில் பரவும் கண்நோய்க்கு இந்த வைரஸ் காரணம், பிள்ளைகளை இத்தனை நாள் வீட்டில் வையுங்கள், இந்த அறிகுறி வந்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள் என்று மூன்று வரிகள் போதும். பள்ளிகளுக்கும், சுகாதார நிலையங்களுக்கும், மருந்துக் கடைகளுக்கும், தோட்ட அலுவலகங்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேரட்டும்.

ஆடி, தை, மாசி மாதங்களுக்கான வருகைப் பதிவேடுகள் பள்ளியில் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் கண் சிவந்தது, வீட்டில் அடுத்து யாருக்கு வந்தது, எத்தனை நாளில் தெளிந்தது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். கோடை விடுமுறை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும். அதற்குப் பின்னாலேயே மழையும் ஆடியும் வரும். அதற்கு முன் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் வந்தால், அந்தப் பக்கங்களைப் படியெடுத்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி வட்டத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர்